சீன மாணவர்களும் ‘ப்ளே’ என்ற ஒரு சொல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்கு வேலைக்காக வந்திருக்கும் சீனர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். எங்கள் குழுவில் தமிழர்கள் சிலர் உண்டு. வகுப்பு முடிந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியோ ‘ப்ளே’ என்ற சொல்லில் வந்து நின்றுவிடும். ‘கெட்’, ‘டேக்’ போன்றவை வழுக்கும் என்று மாணவர்களுக்கே தெரியும், பார்த்துப் பேசுவார்கள். ‘ப்ளே’ சின்ன வயதுப் பாடத்தில் வந்த சொல். தெரிந்த சொல்தானே என்று யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாணவர்கள் கேட்டதையும் உடன் கற்பிப்பவர்கள் கேட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். மாணவர்களின் கேள்விகளைத் தமிழாக்கியது நான். சீனம் என்று வருமிடமெல்லாம் மாண்டரின் என்று கொள்க. சீனச் சொற்களைக் காதில் விழுகிறபடி எழுதியிருக்கிறேன். அவற்றின் தொனியைத் தமிழ் எழுத்தில் காட்ட முடியாது. வகுப்பில் சொல்வதற்கு முன் ஒரு மாணவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ப்ளேன்னா சீனத்துல ‘வான்’. அகராதியிலயே அப்படித்தான் இருக்கு. அப்புறம் என்ன குழப்பம்?

அகராதியில் இருப்பது சரிதான். ஆனால் அது பாதிதான். சீனாவில் 3-ஆம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிப்பது என்று 2001-இல் முடிவானது. அதற்குப் பின் படித்த தலைமுறைக்கு எட்டு ஒன்பது வயதிலேயே ‘ப்ளே’ என்றால் ‘வான்’ என்று மனத்தில் பதிந்துவிட்டது. குழந்தைகள் பொம்மை வைத்து விளையாடுவது, கணினியில் விளையாடுவது எல்லாம் ‘வான்’தான். அதுவரை சிக்கல் இல்லை.

அதைத் தாண்டினால் இரண்டு சொற்களும் பிரிந்துவிடுகின்றன. கூடைப்பந்துக்கும் பியானோவுக்கும் சீனர் ‘வான்’ சொல்வதில்லை. ஆங்கிலேயர் ‘ப்ளே’ சொல்கிறார். நண்பர் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பதும் ஊர் சுற்றுவதும் சீனத்தில் ‘வான்’. அங்கே ஆங்கிலத்தில் ‘ப்ளே’ வராது. மாணவர் செய்யும் தவறு எதுவானாலும் இந்த இரண்டில் எந்தப் பக்கத்துத் தவறு என்று முதலில் பாருங்கள். திருத்துவது சுலபமாகிவிடும்.

பந்துக்கும் அதே சொல், பியானோவுக்கும் அதே சொல், புல்லாங்குழலுக்கும் அதே சொல்லா? லாவ்ஷி, இது ஆங்கிலத்தின் சோம்பேறித்தனம் இல்லையா?

இதைக் கேட்டவர் ஒரு மின்பணியாளர். ‘லாவ்ஷி’ என்றால் சீனத்தில் ஆசிரியர். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் சீனம் எப்படிப் பார்க்கிறது என்பதை இந்த ஒரு கேள்வி காட்டிவிடுகிறது. சீனத்தின் கண் கைகால் மேல் இருக்கிறது. கூடைப்பந்தை அடிக்கிறார்கள், அதற்கு ‘தா’. காற்பந்தை உதைக்கிறார்கள், ‘த்தீ’. சதுரங்கக் காயைக் கீழே வைக்கிறார்கள், ‘ஷியா’. அந்தச் சொல்லுக்கே ‘கீழ்’ என்றுதான் பொருள். பியானோவையும் கிட்டாரையும் விரலால் தட்டி மீட்டுவது ‘த்தான்’. வயலினை இழுப்பது ‘லா’. குழலை ஊதுவது ‘ச்சுவேய்’.

கருவிகளின் பெயர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பியானோ, வயலின், அக்கார்டியன், வாயில் வைத்து ஊதும் மவுத் ஆர்கன் ஆகிய நான்கின் சீனப் பெயரும் ‘ச்சின்’ என்றே முடியும். ‘ச்சின்’ என்பது பழங்காலத்து நரம்புக் கருவி ஒன்றின் பெயர். பெயர் ஒன்றாக இருந்தும் வினை ஒன்றாகவில்லை: பியானோவை மீட்டுகிறார்கள், வயலினையும் அக்கார்டியனையும் இழுக்கிறார்கள், மவுத் ஆர்கனை ஊதுகிறார்கள். நாம் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்கிற இடத்தில் அவர்கள் ‘மாட்டுக்கு முன்னால் ச்சின் மீட்டினாற்போல’ என்பார்கள். அங்கேயும் மாடு கேட்டதா இல்லையா என்பதோடு, விரல் என்ன செய்தது என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது.

ஆங்கிலம் கையைக் கவனிப்பதில்லை. விதிமுறைக்குள் நடக்கும் ஆட்டமா, இசையா, நடிப்பா? எல்லாம் ‘ப்ளே’. ஆங்கிலம் மட்டும் தனியாக இப்படிச் செய்யவில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஜெர்மனில் ‘ஷ்பீலன்’, பிரெஞ்சில் ‘ஜுவே’, பக்கத்தில் மலாயில் ‘மாயின்’, இவையும் ஆட்டத்துக்கும் இசைக்கும் பொதுவானவை. மலாய் கொஞ்சம் தெரிந்த மாணவருக்கு ‘மாயின்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நம்ம தமிழும் சீனம் மாதிரிதானே அக்கா? குழல் ஊதறோம், தவில் அடிக்கிறோம்.

ஆமாம், இசையில் நாம் பெரும்பாலும் சீனத்தின் பக்கம். வீணையை மீட்டுகிறோம், சங்கை ஊதுகிறோம், பறையை அடிக்கிறோம், மேளத்தைக் கொட்டுகிறோம். ஆனால் நமக்கு ‘வாசி’ இருக்கிறது; நாகஸ்வரம், மிருதங்கம், வயலின், பியானோ என்று எதற்கும் பொருந்தும். சீனத்திலும் எல்லாக் கருவிக்கும் பொதுவாக ‘யென்ட்ஸௌ’ என்றொரு சொல் உண்டு, ஆனால் அது கச்சேரி அறிவிப்பில் வருகிற சொல். வீட்டில் பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆட்டத்தில் மட்டும் நாம் ஆங்கிலத்தின் பக்கம் போய்விடுகிறோம். பந்தாட்டம், சீட்டாட்டம், சதுரங்க ஆட்டம் எல்லாவற்றுக்கும் ‘ஆடு’. இந்த ‘ஆடு’ பின்னால் மறுபடி வரும். தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு ‘ப்ளே’யை விளக்க அதைவிட நல்ல துணை இல்லை.

‘தா’ன்னா அடிக்கிறது. அடிக்கிறதுக்கும் விளையாடறதுக்கும் என்ன சம்பந்தம்?

நமது ‘அடி’யை நினைத்துக்கொள்ளுங்கள். தந்தி அடிக்கிறோம், டைப் அடிக்கிறோம், குழாயில் தண்ணீர் அடிக்கிறோம், சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம். அடிவாங்குபவர் யாரும் இல்லை. சீனத்தின் ‘தா’வும் அப்படித்தான். தந்தி அனுப்புவது, தட்டச்சு செய்வது, தண்ணீர் எடுப்பது இந்த மூன்றும் அங்கேயும் ‘தா’ என்பதைப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் உண்டு: தொலைபேசியில் அழைப்பது, ஊசி போடுவது, டாக்சி பிடிப்பது, ஸ்வெட்டர் பின்னுவது, மாஜோங் ஆடுவது, சீட்டாடுவது.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம் என்று மாணவர் சலித்துக்கொள்ளும் நாளில் அவரிடமே ‘தா’வுக்கு அர்த்தங்கள் எழுதச் சொல்வேன். பத்து எழுதியதும் முகம் மாறும். தன் மொழியிலும் இது நடக்கிறது என்று தெரிந்தால் அந்நிய மொழி மேல் இருக்கும் கோபம் போய்விடுகிறது. வகுப்பில் கால் மணி நேரம் செலவழிக்கத் தகுந்த வேலை இது.

“கம் டு மை ஹவுஸ் அண்ட் ப்ளே”ன்னு என் மாணவர் கூப்பிடறார். அவருக்கு 45 வயசு. திருத்தணுமா?

திருத்த வேண்டும், ஆனால் முதலில் அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். சீனத்தில் அது மனமுவந்த அழைப்பு. ‘நேரம் கிடைக்கும்போது வீட்டுப் பக்கம் வாங்க’ என்று நாம் சொல்வதுதான். அவர் மனத்தில் இருக்கும் ‘வான்’ வயதுக்கு அப்பாற்பட்டது. தாத்தாவும் போய் ‘வான்’ செய்யலாம்.

ஆங்கிலத்தில் பின்னால் எதுவும் சேராமல் தனியே நிற்கும் ‘ப்ளே’ பெரும்பாலும் குழந்தைக்கு உரியது. பெரியவர் சொன்னால் கேட்பவர் சிறுபிள்ளைத்தனமாகவோ விபரீதமாகவோ எடுத்துக்கொள்ளக்கூடும். வீட்டுக்கு அழைக்க ‘கம் ஓவர்’, நண்பர்களோடு பொழுது கழிக்க ‘ஹேங் அவுட்’, ஊர் பார்க்க ‘விசிட்’ என்று மாற்றிக்கொடுங்கள். பயணம் போய் வந்தவரிடம் “டிட் யூ ப்ளே ஹேப்பிலி?” என்று கேட்பதும் இதே வகைதான். “டிட் யூ ஹேவ் எ குட் டைம்?” என்று மாற்றினால் அவர் கேட்க நினைத்த அன்பு அப்படியே போய்ச் சேரும்.

“ஐ ப்ளே மை ஃபோன்” தப்பா? எல்லாரும் சொல்றாங்களே.

சீனர்கள் சொல்கிறார்கள், ‘வான் ஷௌஜி’ என்பதன் நேர்ப்பெயர்ப்பு. கைப்பேசியை ஒரு வாத்தியம்போல வாசிக்கிறார் என்றுதான் ஆங்கிலக் காதில் விழும். அதில் விளையாடினால் ‘ப்ளே கேம்ஸ் ஆன் மை ஃபோன்’. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் ‘ஐ ஆம் ஆன் மை ஃபோன்’. ‘வித்’ சேர்த்து ‘ப்ளேயிங் வித் மை ஃபோன்’ என்றால் தவறில்லை, ஆனால் மேசைமேல் வைத்து உருட்டிக்கொண்டிருக்கும் சாயல் வந்துவிடும்.

அந்த ‘வித்’ முக்கியம். நெருப்போடு விளையாடாதே என்பது ஆங்கிலத்திலும் சீனத்திலும் தமிழிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. நெருப்போடு ‘வான்’ செய்தால் தன்னையே எரித்துக்கொள்வாய் என்று அவர்களுக்கு நான்கெழுத்துப் பழமொழியே உண்டு. இந்த இடத்தில் ‘வான்’ கைகொடுக்கும், தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பியானோவுக்கு முன்னாடி ‘த’ வரணும், பாஸ்கெட்பாலுக்கு முன்னாடி வரக்கூடாது. ஏன்?

ஆட்டப் பெயர் வெறும் பெயராக நிற்கும், வாத்தியப் பெயர் ‘த’ என்ற சுட்டோடு வரும் என்பது சீனப் பள்ளிகளில் மனப்பாடமாகச் சொல்லித்தரும் விதி. சீனத்தில் இத்தகைய சுட்டுச் சொல்லே கிடையாது, அதனால் காரணம் கேட்கிறார்கள். பழக்கம் என்பதுதான் உண்மையான பதில். தேர்வில் விதிப்படி எழுதட்டும். வெளியே இசைக்கலைஞர்கள் ‘ஷி ப்ளேஸ் பியானோ’ என்று ‘த’ இல்லாமல் சகஜமாகப் பேசுவார்கள், அமெரிக்காவில் அது இன்னும் அதிகம். கேட்டால் குழம்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

‘அர்ஹு’ போன்ற சீனக் கருவிகளுக்கு ‘த’ போடக்கூடாது என்று சில சீன இலக்கணக் குறிப்புகள் சொல்கின்றன. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ‘த அர்ஹு’ என்றுதான் பரவலாக எழுதுகிறார்கள். மாணவர் தேர்வுக்குப் படிக்கிறாரா, பேசுவதற்குப் படிக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

நீச்சலும் தாய்ச்சியும் உடற்பயிற்சிதானே? ஏன் ப்ளே சேராது?

எதிராளியோ புள்ளிக்கணக்கோ உள்ள ஆட்டங்களுக்கு ‘ப்ளே’. நீச்சல், ஓட்டம், மீன்பிடித்தல் போன்ற ‘இங்’ முடிவுள்ளவற்றுக்கு ‘கோ’. யோகா, கராத்தே, தாய்ச்சி போன்ற பயிற்சிகளுக்கு ‘டு’. நூற்றுக்கு நூறு இல்லை, ஆனாலும் தொண்ணூறு இடங்களில் காப்பாற்றும்.

தாய்ச்சியில் மட்டும் ஏன் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள் என்றால், சீனத்தில் அதற்கும் ‘தா’தான் வினை. கூடைப்பந்துக்கு ‘தா’ என்றால் ‘ப்ளே’, ஆகவே தாய்ச்சிக்கும் ‘ப்ளே’ என்று கணக்குப் போடுகிறார்கள். நியாயமான கணக்கு. ‘தாய்ச்சி அடிப்பது’ என்றால் பொறுப்பைத் தன்னிடமிருந்து அடுத்தவரிடம் நழுவவிடுவது என்றும் சீனத்தில் பொருளுண்டு. சிங்கப்பூர் அலுவலகங்களில் ஆங்கிலம் பேசுபவர்களும் அந்தப் பொருளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

பாட்டுப் போடறதுக்கும் ப்ளேயா?

ஆமாம். சீனத்தில் இதற்கு ‘ஃபாங்’. மேசைமேல் புத்தகத்தை வைப்பதற்கும் அதே ‘ஃபாங்’. நாமும் ‘பாட்டுப் போடு’ என்கிறோம். இங்கே தமிழும் சீனமும் கைகோத்து நிற்க, ஆங்கிலம் தனியே நிற்கிறது. கருவிகளில் இருக்கும் முக்கோணப் பொத்தானைக் காட்டினால் விளக்கம் முடிந்தது.

ப்ளே, பிரே ரெண்டும் ஒரே மாதிரி வருது. எப்படித் திருத்தறது?

கான்டனீஸ் என்ற இன்னொரு சீன மொழியைப் பேசி வளர்ந்தவர்களிடம் இது அதிகம். அம்மொழியில் ‘ர’ ஒலி இல்லை. அவர்கள் பிரார்த்தனை செய்ததாகச் சொன்னால் விளையாடியதாகக் கேட்கும். மாண்டரின்காரர்களின் தொல்லை வேறு: அவர்கள் மொழியில் இரண்டு மெய்கள் சேர்ந்து ஒரு அசை தொடங்காது, அதனால் ‘பு-லேய்’ என்று நடுவில் ஓர் உயிர் நுழைந்துவிடும். நாமும் ‘பிளே’ என்று இதையேதான் செய்கிறோம், சேர்ந்தே பழகலாம். ‘ல’ சொல்வதற்கு நாக்கை மேலே வைத்துக்கொண்டு, உதட்டை மூடி, பிறகு ‘ப’வைத் திறக்கச் சொல்லுங்கள். நாக்கு முன்பே தயாராக இருப்பதால் நடுவில் உயிருக்கு இடமிருக்காது.

‘எ ப்ளே’ன்னா மேட்ச்தானே? நாடகம்னு சொல்றாங்க.

நாடகம்தான். ஆட்டம் என்றால் ‘கேம்’ அல்லது ‘மேட்ச்’. இந்த இடத்தில் மாணவருக்கு ஒரு பரிசு தரலாம், அதை அவர் மொழியே வைத்திருக்கிறது. ‘ஷீ’ என்றொரு எழுத்து. ‘யோஷீ’ என்றால் விளையாட்டு. ‘ஷீஜு’ என்றால் நாடகம். ‘ஷீ பார்க்கப் போகிறேன்’ என்றால் கூத்து பார்க்கப் போகிறேன். விளையாட்டிலிருந்து நாடகத்துக்கு ஆங்கிலம் தாண்டிய அதே தாண்டலைச் சீனமும் தாண்டியிருக்கிறது. தமிழில் நாடகம் ஆடுகிறோம், பந்தும் ஆடுகிறோம். மூன்று மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பாடாமல் பேசியே நடிக்கும் நாடகம் சீனர்களுக்குப் பிற்காலத்தில் வந்தது. தோக்கியோவில் படித்த சீன மாணவர்களின் ‘ச்சுன்லியு’ குழு 1907-இல் அதை மேடையேற்றியது. ‘பேச்சு நாடகம்’ என்று பொருள்படும் ‘ஹுவாஜு’ என்ற பெயரை நாடக ஆசிரியர் ஹோங் ஷென் 1928-இல் முன்வைத்தார். மாணவர்கள் ‘ப்ளே’ என்ற பெயர்ச்சொல்லுக்கு ‘ஹுவாஜு’ என்று எழுதிக்கொண்டால் சரியாக இருக்கும். அவர்களுடைய மரபான பாட்டு நாடகத்தை ஆங்கிலத்தில் ‘ஆப்பெரா’ என்கிறார்கள்.

‘ப்ளேயர்’னு ஒருத்தரைச் சொல்லலாமா?

முன்னால் என்ன என்பதைச் சேர்த்துச் சொன்னால் சொல்லலாம்: ‘டென்னிஸ் ப்ளேயர்’, ‘பியானோ ப்ளேயர்’. சீனத்தில் பந்து ஆடுபவர், கணினியில் விளையாடுபவர், பாட்டுப் போடும் மென்பொருள் மூன்றுக்கும் மூன்று பெயர். ஒரு ஆணைப் பற்றி “ஹி இஸ் எ ப்ளேயர்” என்று மொட்டையாகச் சொன்னால் பெண்களை ஏமாற்றுபவர் என்றாகிவிடும். பயோடேட்டாவில் எழுதிய ஒருவரைத் தடுத்திருக்கிறேன்.

கட்டுரையில எல்லாரும் “ப்ளேஸ் அன் இம்பார்ட்டன்ட் ரோல்”னு எழுதறாங்க. நல்லதுதானே?

தவறில்லை. சீனப் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதும் நான்காம் நிலை, ஆறாம் நிலை ஆங்கிலத் தேர்வுகளுக்காக உருப்போட்ட வாக்கியம் அது. சீனத்தில் நாடகப் பாத்திரம் ஏற்பதற்கு ஒரு வினை, ‘பங்காற்றுவது’ என்பதற்கு வேறு வினை. ஆங்கிலத்தில் இரண்டும் ‘ப்ளே எ ரோல்’. அதனால் மாணவர் இதைக் கற்றதே ஒரு வெற்றி.

என் வருத்தம் வேறு. காற்று, கல்வி, கைப்பேசி எல்லாமே முக்கியப் பங்காற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போகிறது. அந்த வாக்கியம் வரும் இடத்தில் நிறுத்தி, “அது என்ன செய்தது?” என்று சீனத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். வருகிற பதிலில் நல்ல வினைச்சொல் ஒன்று இருக்கும். அதை ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள்.

“மை நீ இஸ் ப்ளேயிங் அப்”னு ஒரு தாத்தா சொன்னார். முழங்கால் விளையாடுதா?

முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருந்த ஒரு மாணவி கேட்டது. தாத்தா உற்சாகமாக இருக்கிறார், நடக்க விரும்புகிறார் என்று நினைத்து அவரை எழுப்பி நடக்கவிட்டிருக்கிறாள். அவர் சொன்னது முழங்கால் படுத்துகிறது என்று. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் உடலுறுப்போ இயந்திரமோ தொல்லை கொடுத்தால் ‘ப்ளே அப்’. அவள் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். அன்றிலிருந்து பராமரிப்பு வேலைக்காரர்களின் வகுப்பில் இதை முதல் மாதத்திலேயே சொல்லித்தருகிறேன். இரண்டு சொற்கள் சேர்ந்து புதுப்பொருள் தருவதில் எது அவசரம் என்பதை மாணவரின் வேலைதான் தீர்மானிக்க வேண்டும்.

‘ப்ளே டவுன்’ இதற்கு எதிர்ப்பதம் இல்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். அது ஒன்றைச் சிறிதாக்கிக் காட்டுவது. வலியை ‘ப்ளே டவுன்’ செய்யும் தாத்தாக்கள் நிறையப் பேர்.

ஸ்டியரிங்ல ப்ளே இருக்குன்னு மெக்கானிக் சொன்னார். இது எந்த ப்ளே?

இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கும் தளர்வு. நம் ஊர் மெக்கானிக்குகளும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். தமிழில் சொல்வதானால் ‘ஆட்டம்’. சக்கரம் ஆடுகிறது, பல் ஆடுகிறது. முன்னே சொன்ன ‘ஆடு’ இதோ மறுபடி வந்துவிட்டது: பந்தும் நாடகமும் தளர்ந்த சக்கரமும் ஒரே வினையில்.

பேரிங்கில் இருக்கும் இந்தத் தளர்வைச் சீனப் பொறியாளர்கள் ‘யோஷீ’ என்கிறார்கள். விளையாட்டுக்கும் ‘யோஷீ’ என்று பார்த்தோம். இரண்டாவது எழுத்து மட்டும் வேறு, தொனிகூட ஒன்று. தற்செயல்தான், ஆனால் தொழிற்சாலையில் வேலை செய்யும் மாணவர் இதை ஒருமுறை கேட்டால் பிறகு மறப்பதேயில்லை.

“த லைட் வாஸ் ப்ளேயிங் ஆன் த வாட்டர்”. வெளிச்சம் யாரோட விளையாடுது?

வாசிப்புப் பாடத்தில் இந்த வாக்கியம் வந்தபோது வகுப்பு முழுக்கக் கேட்டது. ‘ப்ளே’யின் பழைய வடிவமான ‘ப்ளெகியன்’ பழைய ஆங்கிலத்தில் துறுதுறுவென்று அசைவதையும் குறித்தது. வாள் வீச்சையும் போரையும்கூட அப்படிச் சொன்னார்கள். ‘ஸ்வோர்ட்ப்ளே’ இன்றும் இருக்கிறது. நீரில் ஒளி அசைவது, உதட்டோரம் புன்னகை வந்து போவது, ஸ்டியரிங்கின் தளர்வு எல்லாம் அந்த அசைவின் மிச்சம்.

சீனத்தில் மொழிபெயர்க்கும்போது மாணவர்கள் ‘மினுங்குவது’ என்ற பொருளில் ‘ஷான்’ என்று எழுதுவார்கள். சரி என்று ஏற்றுக்கொள்ளுங்கள், ‘வான்’ என்று எழுதினால் மட்டும் கேள்வி கேளுங்கள். நான் ஒரு தம்ளர் தண்ணீரை ஜன்னலோரம் வெயிலில் வைத்து, மேசையை லேசாகத் தட்டிக் காட்டினேன். சுவரில் வெளிச்சம் ஆடியது.